காகிதக் குழாயில் எடுத்த தாளம்

இன்று காலை பக்கத்து வீட்டில் மைதாப் பசை காய்ச்சினார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்ததும் கை தானாக மேசையில் காகிதக் குழாய் உருட்டத் தொடங்கிவிட்டது. பட்டாசு கம்பெனியின் குழாய்ப் பிரிவை விட்டு வந்து எவ்வளவு நாளாகிறது, கைக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

சாத்தூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாம் ஒரே பெஞ்ச். அதற்குப் பிறகு நீ சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் பட்டாசு லேபிள் டிசைன் செய்யப் போனாய். நான் பட்டாசு கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டப் போனேன். வேலை வேறென்றாலும் ஏறுகிற வேன் ஒன்றுதான். வேன் ஊரைத் தாண்டியதும் முன்சீட்டின் முதுகில் நான் தட்ட ஆரம்பிப்பேன். "செத்த நேரம் கண்ணசர விடுறாளா பாரு" என்று மற்றவர்கள் திட்டுவார்கள். நீ மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாய். ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்து, "ஏ புள்ள, நேத்து தட்டுனத இப்பத் தட்டு" என்றாய். தட்டினேன். "கொஞ்சங்கூட மாறல. இம்புட்டு நல்ல கைய வேன் சீட்டுக்குக் குடுத்துட்டு வர்றியே" என்றாய்.

அச்சகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை நீ முதலாளியிடம் கேட்டு வாங்கியது அதற்கடுத்த மாதம். போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். யாருடைய குழந்தை என்று டிரைவர் எட்டிப் பார்த்தார். நாம் பாட்டுப் போட, அதில் இலவச இயங்குதளமான லினக்ஸை ஏற்றினாய். எல்லோரும் காப்பியடித்த சாப்ட்வேரில்தானே பாட்டுப் போடுகிறார்கள், நமக்கு மட்டும் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "நம்ம பேரப் போட்டு வெளிய போற பாட்டு. அதுல ஒரு சத்தங்கூடத் திருடுனதா இருக்கக் கூடாது" என்றாய். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பாட்டைப் பதிவுசெய்து அடுக்குகிற மென்பொருளின் பெயர் ஆர்டோர். நம் வாயில் அது 'ஆர்டர்' ஆகிவிட்டது. தாளம் கட்டுகிற மென்பொருளுக்கு ஹைட்ரஜன் என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ உற்சாகத்தில், "ஆர்டர் வந்துருச்சு, ஹைட்ரஜன்தான் இன்னும் வரல" என்று சத்தமாகச் சொன்னாய். அடுப்படியிலிருந்து உன் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

"வீட்டுக்குள்ள வச்சு வெடி செய்றீகளா ரெண்டு பேரும்? போலீசு வந்தா நான் என்னன்னு சொல்லுவேன்?"

நமக்குச் சிரித்து மாளவில்லை. அம்மாவை உட்கார வைத்து, இது கெமிக்கல் இல்லை, கொட்டுச் சத்தம்தான் என்று விளக்கினாய். அவர்கள் முழுதாக நம்பவில்லை. அன்று மாலை வரை கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் நம்மைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. விரலால் தாளம் போட மதுரையில் தேடி வாங்கிய பழைய ரிதம் பேடை நான் தட்டுவேன்; சத்தம் ஒரு மூச்சு தாமதமாக வரும். தாமதத்தைக் குறைத்தால் ஸ்பீக்கரில் படபடவென்று வெடிக்கும். "சிவகாசிக் கம்ப்யூட்டரு வெடிக்காம என்ன செய்யும்" என்று சிரித்தபடியே நீ அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பாய். இணையத்தில் ஏதோ ஒரு மன்றத்தில் ஆங்கிலத்தில் கேள்வி எழுதுவாய். எனக்கு அது ஒன்றும் புரியாது. என் கைதான் பிந்துகிறதோ என்ற சந்தேகம் எனக்குள் அரித்தது. உன்னிடம் அதைச் சொன்னதில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ ஞாயிறு, விரல் பட்ட அதே கணத்தில் சத்தம் வந்தது. நான் தட்டினேன், தட்டினேன், கை சிவக்கும் வரை தட்டினேன். நீ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

பாட்டுக்கான காரணம் கம்பெனியிலிருந்து வந்தது. தினமும் காலையில் சூப்பர்வைசர் பாதுகாப்பு விதிகளை வாசிப்பார். நாங்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போவோம். யாருக்கும் காதில் ஏறாது. பாதுகாப்பு வாரத்துக்கு மதுரை ஸ்டுடியோவில் ஒரு பாட்டுச் செய்யப்போகிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். மறுநாளே நீ என் மேனேஜர் முன்னால் நின்றாய்.

"நாங்க செஞ்சு தாறோம் சார்."

"ரெண்டு பேரு வீட்டுல இருந்து செய்ற பாட்டாம்மா? எங்கன போயி ரெக்கார்டிங் பண்ணுவீக?"

"வீட்டுலதான் சார். கேட்டுப் பாருங்க. நல்லா இல்லன்னா மதுரைக்கே குடுங்க."

அவர் சம்மதித்தார். வரிகளை நீயே எழுதினாய். முதல் வரி எனக்கு எப்போதும் பிடித்தது: 'தூக்கி வையி, தூக்கி வையி, தட்டைத் தரையில தேய்க்காதே.' வெடிமருந்து நிரப்பிய தட்டைத் தரையில் உரசினால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இலவசமாகக் கிடைத்த டிரம் சத்தத் தொகுப்புகளையெல்லாம் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றும் அருமையாக ஒலித்தது. ஆனாலும் உன் முகம் தெளியவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா வேற யாரோ வீட்டு விசேசம் மாதிரி கேக்குது" என்றாய். பிறகு என் கையைப் பார்த்தாய். "நீ தெனமும் கேக்குற சத்தம் எது?"

அந்த ஞாயிறு முழுவதும் வெறும் குழாய்களை வைத்துக்கொண்டு பதிவு செய்தோம். பலகையில் காகிதம் உருளும் சரசரப்பு, கட்டிய குழாய்க் கட்டின் மேல் உள்ளங்கை விழும் சத்தம், மரச்சுத்தியல் பலகையில் படும் சத்தம், குழாய்களைக் கூடையில் கொட்டும் சத்தம். ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று விதமாகத் தட்டச் சொன்னாய். பக்கத்து வீட்டுச் சேவல் கூவியபோதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் அவற்றையெல்லாம் ஹைட்ரஜனில் ஏற்றினாய். நான் பேடைத் தட்டினேன். நான் குழாய் உருட்டும் ஷெட்டே எழுந்து ஆடுவது போலிருந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "இது என்ன, நம்ம குழாய்ச் சத்தம்லா?" என்றார்கள். நீ அவர்களைக் கட்டிப்பிடித்தாய்.

பாட்டு பாதியில் இருக்கும்போதுதான் உனக்குக் காய்ச்சல் வந்தது. அது வெறும் காய்ச்சல் இல்லை என்பது மதுரை ஆஸ்பத்திரியில் தெரிந்தது. ரத்தத்தில் நோய். நான் பார்க்க வந்த அன்று நீ உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டாவது சரணத்துல கூடைச் சத்தம் கொஞ்சம் ஓங்கி இருக்கு. எறக்கிரு" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது.

நீ போனபோது பாதுகாப்பு வாரத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மேனேஜர் வருத்தத்தோடுதான் சொன்னார், "விட்ருமா, மதுரையில பாத்துக்கிறோம்" என்று. நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவரை அந்த மவுஸை நான் தொட்டதுகூட இல்லை. உன் அம்மா கதவைத் திறந்துவிட்டார்கள். திரையில் கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தினேன். அது முழு அமைப்பையும் புதுப்பித்துவிட்டது. பேடைத் தட்டினால் பழையபடி சத்தம் பிந்தி வந்தது.

மறுநாள் நீ எழுதிய மன்றத்தைத் தேடிப் பிடித்தேன். உன் கேள்விகள் அத்தனையும் அங்கே வரிசையாக இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். எந்த ஊரென்று தெரியாத ஒருவர் உன்னிடம் கேட்டிருந்தார்: வாசிப்பவர் தாளத்தில் சரியாக வாசிக்கிறாரா, முதலில் அதைப் பாருங்கள். நீ பதில் எழுதியிருந்தாய்: 'என் தோழியின் கை தப்பாது. அதைப் பற்றிப் பேச வேண்டாம். இயந்திரத்தைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள்.'

எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த சந்தேகத்துக்கு நீ முன்பே பதில் எழுதி வைத்திருந்தாய். அந்தக் கேள்வி-பதில் வரிசையின் கடைசியில், எது பலித்தது என்று நீ எண்களோடு எழுதியிருந்தாய். தாமதத்துக்கு எத்தனை வைக்க வேண்டும், ஒலிக்கு முன்னுரிமை கொடுக்க என்ன வரியைச் சேர்க்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. ஒவ்வொன்றாகச் செய்தேன். தட்டினேன். கையிலேயே சத்தம். "வந்துருச்சும்மா" என்று உன் அம்மாவைக் கூப்பிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பதினாறு நாளில் பாட்டை முடித்தேன். கூடைச் சத்தத்தையும் இறக்கினேன்.

பாதுகாப்பு வாரத்தின் முதல் காலை, எல்லா ஷெட் ஆட்களும் கம்பெனி வாசலுக்குள் இருக்கும் வேப்பமரத்தடியில் நின்றோம். ஸ்பீக்கரில் முதலில் காகிதம் உருளும் சத்தம் வந்தது. "ஏலே, நம்ம குழாய்லே அது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டாவது சரணத்தில் பெண்கள் தூக்குச்சட்டியில் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முடிந்ததும் மேனேஜர் மறுபடி முதலிலிருந்து போட்டார். அன்றைக்கு உன் அம்மாவை முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன்.

நான் வென்றுவிட்டதாக நினைத்தது அன்று இல்லை. அதற்குச் சில வாரம் கழித்து. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அவசரத்தில் தட்டைத் தரையோடு இழுக்கக் குனிந்தாள். யாரும் அதட்டவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா, வேலையிலிருந்து கண்ணெடுக்காமல், 'தூக்கி வையி, தூக்கி வையி' என்று முணுமுணுத்தார்கள். அவள் நிமிர்ந்து, இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி வைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த ஷெட்டில் நீ இருந்தாய்.

பிறகு சாத்தூர்ப் பக்கம் மற்ற கம்பெனிகளும் கேட்டன. நம் குழாய்ச் சத்தங்களை தாளம் போட உதவும் ஒரு டிரம் கிட்டாகக் கட்டி, உன் பெயரிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த மன்றத்திலேயே போட்டேன். எங்கெங்கோ இருப்பவர்கள் அதை வைத்துப் பாட்டுச் செய்து அனுப்புகிறார்கள். ஒன்றில்கூட வெடிச்சத்தம் இல்லை.

போன மாதம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனேன். படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'இசையமைப்பாளர்' என்று எழுதினேன். அலுவலக அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"பாட்டு டீச்சரா இருக்கீகளா?"

"இல்லம்மா. பாட்டுப் போடுறேன்."

"எங்கன?"

"வீட்டுலதான். கேட்டுப் பாக்குறீகளா?"

சொன்ன பிறகுதான் கவனித்தேன், நீ மேனேஜரிடம் சொன்ன அதே பேச்சு. இப்படி எதிரே நின்று பேச நான் யாரிடமும் படித்ததில்லை. உன் பக்கத்து சீட்டில் இத்தனை வருடம் உட்கார்ந்து வந்ததில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா போனை வாங்கிக் காதில் வைத்தார்கள். பாட்டு தொடங்கியது. அவர்களுடைய பேனா மேசையில் தாளம் போட ஆரம்பித்தது.