நீ கேட்ட ‘அப்புறம்’

இன்று காலை கரண்ட் போயிற்று. பட்டு முறுக்கும் மெஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. எண்ணெய் வாடையும் கச்சாப் பட்டின் புழு வாடையும்தான் மிச்சம். அந்த அமைதியில் முதலில் ஞாபகம் வந்தது நீதான். செத்து இரண்டு வருஷமாகியும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாய்.

உன்மேல் எனக்குப் பொறாமை. மறைக்க என்ன இருக்கிறது? ஆரணியில் இந்த ஆலைக்கு இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்கு வந்தோம், ஒரே நாளில் சூப்பர்வைசர் ஆனோம். கிழக்கு வரிசை உனக்கு, மேற்கு எனக்கு. குரல் எனக்குத்தான் பெரிசு, மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்துவேன். நீயோ பேச வந்தவளின் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பாய். அவள் சொல்லி முடித்ததும் பதில் சொல்ல மாட்டாய். “அப்புறம்?” என்பாய். அவ்வளவுதான்.

என் வரிசையில் இருந்த அஞ்சலை, கண்ணமங்கலத்திலிருந்து வருகிறவள், ஒரு வாரமாகத் தாமதமாக வந்தாள். “பஸ்ஸு லேட்டுக்கா” என்றாள். திட்டி அனுப்பினேன். உன்னிடமும் அதையேதான் சொன்னாள். நீ “அப்புறம்?” என்றதும் அழுதுவிட்டாள். “புள்ளைக்கு அம்மை போட்டுகினு கீதுக்கா. சொன்னா வேலைக்கு வராதேன்னுடுவீங்க.” அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்று நாள் அவள் மெஷினையும் நீயே பார்த்துக்கொண்டாய்.

என் வரிசைக்காரி உன்னிடம் போய் அழுததுதான் எனக்கு ஆறவில்லை. வயிறு எரிந்தது. முதலாளியிடம் போனேன். “கிழக்கு வரிசைல மெஷினை நிறுத்திட்டு ஊர்க்கதை பேசிகினு கீறாங்க” என்றேன்.

உன் சூப்பர்வைசர் வேலை போயிற்று. மறுபடி மெஷினில் நின்றாய். யார் சொன்னது என்று நீ கேட்கவே இல்லை. இரண்டு வரிசையும் எனக்கு வந்தன. பங்குனி வெயில். பெண்களிடம் நல்ல பேர் வாங்கலாமென்று மேற்கு ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். அன்றிலிருந்து இழை அறுந்துகொண்டே இருந்தது. கத்தினேன். இன்னும் அறுந்தது. அத்தனை பெண்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. முதலாளி என்னையும் மெஷினுக்கே அனுப்பிவிடுவேன் என்றார். வேறு வழியில்லாமல் உன்னிடம் வந்தேன்.

உன் மெஷினை நிறுத்திவிட்டு என் புலம்பலை முழுக்கக் கேட்டாய்.

“ஜன்னலைச் சாத்திட்டு ஈரக் கோணி மாட்டு. வறண்ட காத்துல பட்டு நிக்காது. அவங்க எல்லாருக்கும் தெரியும். தொறக்கச் சொன்னதே நீ, உன்கிட்ட எவ சொல்லுவா?” என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். “அப்புறம்?”

“அப்புறம் இன்னா, ஒண்ணுமில்ல” என்றேன்.

நீ மறுபடி மெஷினைப் போட்டாய். தெரிந்துதான் கேட்டாயா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது நானும் மெஷினை நிறுத்துகிறேன். நானும் “அப்புறம்?” என்கிறேன். பெண்கள் பேசுகிறார்கள். போன மாதம் அஞ்சலை சொன்னாள், “அவங்க மாதிரியே கேக்கறீங்கக்கா.” கேட்பது என் காது, பேர் உனக்கு. இப்போதும் வயிறு எரிகிறது.

கரண்ட் இன்னும் வரவில்லை. மெஷின் எல்லாம் நின்றுதான் கிடக்கிறது. நீ அன்று கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். முதலாளியிடம் போய்ச் சொன்னது நான்தான்டி.