ஊதா நாணயம் வந்த வழி

ஆல்சீட்,

நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அடுப்பில் சிவப்பு பீன்ஸ் இருக்கிறது, சோறு மட்டும் வடித்துக்கொள்.

மருந்துக்கடை வாசலில் கிடந்ததாகச் சொன்னாயே ஊதா நாணயம், அது எங்கிருந்து வந்ததென்று ஒன்றும் தெரியாதது போல நியூ ஆர்லியன்ஸ் முழுக்க விசாரிக்கிறாயாம். போதும், நிறுத்து. வெள்ளிக்கிழமை மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில், பெண்கள் சங்கத்துத் தேரிலிருந்து முகமூடி ராணி கூட்டத்துக்கு வீசிய விளையாட்டு நாணயம் அது. முதுகுவலி என்று வீட்டில் படுத்திருந்த என் கணவர், ஊர்வலம் பார்க்கப் போடும் ஏணியின் உச்சியில் நின்று, “ராணியம்மா, இங்க ஒண்ணு எறியேன்!” என்று கத்தினாராம்.

நாணயத்தின் ஓரத்தில் நகப்பூச்சுப் பொட்டு இருக்கும், பார்.

ஒடீல்

பி.கு: வெள்ளிக்கிழமையும் அக்கா வீட்டுக்கு என்றுதான் சொன்னேன். பொட்டு வைத்ததும் நான், ராணியும் நான். அத்தனை கைகளுக்கு நடுவில் உன்னைக் குறிபார்த்துத்தான் வீசினேன். இன்றைக்கு நிஜமாகவே அக்கா வீட்டுக்குத்தான்.