பாவம், மைக் என்ன செய்யும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? காதுக் கருவி மேசை டிராயரில் இல்லாமல் உங்கள் காதில் இருக்கிறது என்று நம்புகிறேன். நம்பிக்கை கொஞ்சம்தான்.

என் வீடியோ பாடங்களில் குரல் கரகரக்கிறது என்று மாணவர்கள் புகார் சொன்னார்கள். சரியாகாவிட்டால் பாடங்களை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லிவிட்டார். கேமரா மேல் இருக்கும் நீள மைக்தான் காரணம், உடையில் குத்தும் சின்ன மைக் வாங்கலாம் என்றார் கேமராக்காரர். எனக்கு நம்பிக்கையில்லை. ஒன்றை இரவல் வாங்கிப் பேசிப் பார்த்தேன். அதிலும் அதே கரகரப்பு.

கேமராக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். மைக் என்ன செய்யும், பாவம்? வீட்ல யார்கிட்டயாவது கத்திக் கத்திப் பேசியே வளந்தீங்களா?"

"எங்கப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"கொஞ்சமா?"

கத்தாமல் பேசினாலும் பிடிக்கும்படி வாய்க்குப் பக்கத்திலேயே இருப்பதால் சின்ன மைக்கையே வாங்கினோம். மெதுவாகப் பேசினேன், தெளிவாக விழுந்தது. துறைத்தலைவரும் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். வேலை பிழைத்தது அப்பா.

ஒரு உதவி. அம்மாவிடம் சொல்லி உங்கள் குரலைப் போனில் பதிந்து அனுப்புங்கள். ஹெட்போனைச் சரிபார்க்க ஏதாவது ஒரு குரல் வேண்டியிருக்கிறது. என்னைத் திட்டினாலும் போதும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இங்கே நாள் முழுக்க மெதுவாகத்தான் பேசுகிறேன். ஊருக்கு வந்ததும் கத்துகிறேன்.

உங்கள் மகள்