வகுப்பே சேர்ந்து வாசித்தது

ஜூலை 8, திங்கள்
பயிற்சி ஆசிரியையாக இந்தப் பள்ளியில் மூன்றாவது வாரம். என் வழிகாட்டி, ஏழாம் வகுப்பு டீச்சர், மதிப்பெண் பதியும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். கடவுச்சொல் எழுதிய சீட்டைக் கையில் திணித்தார். யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததை இழுத்தேன். "நான் என்ன யாரோவாம்மா?" என்றார்.

என் பயிற்சி ஏட்டில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர். வாங்கிக்கொண்டேன். இணையப் பாதுகாப்புத் தாளில் தொண்ணூற்றிரண்டு வாங்கிய லட்சணம் இது.

ஜூலை 11, வியாழன்
ஐயோ, என்ன செய்துவிட்டேன்.

வகுப்பில் பெரிய திரை ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பெண் தளத்தைத் திறக்கும் அவசரத்தில், பெயர்க் கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டேன். திரையில் எது வந்தாலும் சேர்ந்து வாசியுங்கள் என்று பழக்கியதும் நான்தானே? நாற்பது பேரும் ராகம் போட்டு வாசித்தார்கள். டீச்சரின் செல்லப்பெயர், பிறந்த வருஷம். இரண்டு தடவை.

ஜூலை 12
மாற்றச் சொல்லணும். வாயே வரவில்லை.

ஜூலை 15, திங்கள்
கணக்குப் பாடத்தில் வகுப்புக்கே நூற்றுக்கு நூறு. ஒருத்தரைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவிகள். வீட்டு போனிலேயே திறந்திருக்கிறார்கள்.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கதவைச் சாத்தினார். "சீட்டை நீயே எடுத்துட்டேன்னு எழுதிக் கொடுத்துடும்மா. சின்னப் பொண்ணு, மன்னிச்சிருவாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ்தான்."

என் ஏடு அவர் மேசைமேல் கிடந்தது. கையெழுத்து இல்லாவிட்டால் பயிற்சி செல்லாது. எழுதிக் கொடுத்தால்? திருடி என்று காகிதத்தில் நிற்கும், என் கையெழுத்திலேயே. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

அம்மாவிடம் போனில் அழுதேன். "எழுதிக் கொடுத்துட்டு வந்து சேரு. நாம என்ன அரிச்சந்திரன் பரம்பரையா?" என்றாள். அவள் மேலும் கோபம் வந்தது.

ஜூலை 16
நாலு தாள் கிழித்தாகிவிட்டது. 'நான் திருடி' என்று எழுதப் போனால் பேனா நகரமாட்டேன் என்கிறது.

ஜூலை 18, வியாழன்
நடந்ததை நடந்தபடி எழுதித் தலைமை ஆசிரியையிடம் கொடுத்தேன். சீட்டு எப்படி வந்தது, நான் எங்கே தட்டினேன், நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாம். வெளியே வந்தபோது டீச்சர் எதிரில் வந்தார். என்னைப் பார்க்காமல் போனார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி
தலைமை ஆசிரியை முடிவைச் சொல்லிவிட்டார். இத்தனை நாள் செய்த பயிற்சி செல்லாது. முதலிலிருந்து ஆரம்பிக்கணும். அதே பள்ளி, அதே வகுப்பு, அதே டீச்சர். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை தப்பியது.

இரண்டு வாரமாக ஒரு வார்த்தை பேசாதவர் இன்று கூப்பிட்டார். முடக்கி வைத்திருந்த மதிப்பெண் தளத்துக்குப் புதுக் கடவுச்சொல் போடணுமாம், எங்கே அழுத்துவது என்று கேட்டார். காட்டினேன். "சரி, அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றார்.

சுவரைப் பார்த்து நின்றேன். ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டும் சத்தம் கேட்டது. எத்தனை எழுத்து என்றுகூடத் தெரிந்துவிடக்கூடாதே என்று காதைப் பொத்திக்கொண்டேன். முடித்தது எனக்குக் கேட்கவில்லை. தோளைத் தட்டித்தான் கூப்பிட்டார்.