நீ தொடாத கணினி

இன்று காலை என் கணினிக் கடைக்கு வந்த ஒரு பெண், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். "போட்டுக்கிட்டே வாங்கம்மா" என்றேன். கூசிக் கூசித்தான் உள்ளே வந்தாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் நான் வேலை பார்த்த கணினி மையத்தில், ஏசி அறைக்குள் செருப்புக் கூடாது. வாக்காளர் பட்டியலைத் தமிழில் ஏற்றும் வேலை வந்திருந்தது. "தமிழ் டைப்பிங் தெரிஞ்ச இன்னொரு பொம்பளப்புள்ள கெடைக்குமா?" என்று முதலாளி கேட்டார். தட்டச்சுப் பள்ளியில் என் பக்கத்து மெசினில் உட்கார்ந்து ஹையர் தேறியவள் நீ. நான் லோயரோடு நின்றவள். "யாரையும் தெரியலையே சார்" என்றேன்.

யார் சொன்னார்களோ, மறுவாரம் நீயே வந்துவிட்டாய். வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனபின் இரண்டு பெண் பிள்ளைகளோடு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். வெறுங்காலோடு நின்று கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாய்.

"ஏண்டி, எல்லாம் இங்கிலீசு எழுத்தால்ல இருக்கு? தமிழ் எங்குட்டு இருக்கு?"

விசைகளின் மேலே அச்சடித்திருந்ததுதான் ஆங்கிலம். தமிழுக்கு மாற்றிவிட்டால், நம் தட்டச்சு மெசினில் இருந்த அதே இடத்தில் அதே எழுத்து விழும். உன் விரல்கள் பார்க்காமலே ஓடியிருக்கும். உன் வேகத்தைப் பார்த்தால் என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? அதுதான் என் பயம்.

"இங்கிலீசு தெரிஞ்சாத்தான்டி இதுல தமிழே வரும். ஒனக்குத் தோதுப்படாது" என்றேன்.

"அப்பச் சரிடி" என்று சிரித்துவிட்டுப் போனாய். நம்பிவிட்டாய்.

அப்புறம் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும் இடத்தில் சித்தாளாகச் சேர்ந்தாய். பெரியவளின் படிப்பை நிறுத்தி அவளையும் கூட்டிப் போனாய். ஒருநாள் சந்தையில் பார்த்தபோது, சுண்ணாம்பு அரித்த விரலால் என் கன்னத்தைத் தொட்டு, "கண்ணு உள்ள போயிருச்சுடி. அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்காத" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்ன மனுஷி நான்!

நீ செத்துப்போனபின் உன் வீட்டுக்குக் கேதம் கேட்க வந்தேன். உன் பெரியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அம்மா ஒங்களப் பத்தியே பேசும் சித்தி. 'எனக்கு இங்கிலீசு மட்டும் தெரிஞ்சிருந்தா அவ என்னைய உள்ள கூட்டிப் போயிருப்பா'ன்னு சொல்லும்."

"ஆமாத்தா" என்றேன்.

உன்னிடம் சொன்ன பொய்யை உன் மகளிடமும் சொல்லிவிட்டு வந்தவள் நான். இன்னும் அவளிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை.