பூனைக்குப் பால் வேண்டாம் என்று ஓர் அட்டை

என் மூத்த மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருக்கு முழங்கால் வலி எப்போதும்போல, எனக்குக் கோபம் எப்போதும்போல. அங்கே நீயும் மருமகளும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்றே நினைத்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. அட்டையை எடுத்துவிடு, கேட்ட இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிடு, ஒரு பூனைக்காக யாராவது பிழைப்பைக் கெடுத்துக்கொள்வார்களா என்று மூச்சு விடாமல் சொன்னாய். இந்தப் பக்கம் உன் அப்பா அதற்குத் தலையாட்டிக்கொண்டு நின்றார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி.

நம் பால் பூத்தில் டிரேக்களை இறக்கும்போது தினமும் ஒன்றிரண்டு பாக்கெட் உடையும், உனக்குத் தெரியும், டிரே மேல் உட்கார்ந்துதானே பரீட்சைக்குப் படித்தாய். உடைந்ததை விற்க முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. பூத் வைத்திருக்கும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், ஒரு மூடியில் ஊற்றிப் பூனைக்கு வைத்தேன். எலி பாக்கெட்டைக் கடிக்காமல் காவல் இருப்பதற்கு அதுதான் சம்பளம் என்று எங்கள் நினைப்பு. நம்முடைய பூனைக்கு சூப்பர்வைசர் என்று பெயர், மற்றவர்கள் சுமக்கும்போது மேல் டிரேயில் உட்கார்ந்து பாதிக் கண்ணால் பார்ப்பதால் பால் வண்டிக்காரர் வைத்த பெயர். அதற்கு எப்போது பார்த்தாலும் வயிறு போய்க்கொண்டே இருக்கும். நான் தினமும் பின்பக்கத்தைக் கழுவிவிட்டு, எலியைத் தின்றால் இப்படித்தான் என்று எலியைத் திட்டுவேன். பாலை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. பால் விற்கிறவளுக்குப் பாலைச் சந்தேகப்பட எப்படித் தோன்றும்.

மழைக்கு முன்னால் அது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மூன்று குட்டி போட்டது, பத்தே நாளில் வண்டி பின்னால் நகரும்போது சக்கரத்தில் மாட்டிச் செத்துப்போனது. நீ சிரிப்பாய் என்று இதை அப்போது உன்னிடம் சொல்லவில்லை. குட்டிகளை நான் எடுத்துக்கொண்டேன். இருப்பதிலேயே கெட்டியான பாலைப் பிரித்து, வெதுவெதுப்பாக்கி, இங்க் ஃபில்லரால் ஒவ்வொன்றின் வாயிலும் விட்டேன். வயிறு புடைக்கக் குடித்தன, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் மூன்றுக்கும் வயிற்றால் போனது. பால் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொடுத்தேன். இரண்டு போய்விட்டன. மூன்றாவதைத் துணிப்பையில் வைத்துத் தெருக்கோடியில் இருக்கும் கால்நடை டாக்டரிடம் ஓடினேன். உன்னைவிடச் சின்னப் பெண், வெடுக்கென்று பேசுவாள். குட்டிக்குத் தாய்ப்பால் வேண்டும், இல்லையென்றால் பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்துக் கொடுக்கவேண்டும், மாட்டுப்பால் அதற்குச் செரிக்காது, உடம்பில் இருக்கிற நீரெல்லாம் வெளியே போய்விடும் என்றாள். வளர்ந்த பூனையிலும் பாதிக்குமேல் அப்படித்தானாம், பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி வளர வளரக் குறைந்துவிடுமாம். சிலதுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் எதற்குமே பால் தேவையில்லை, தண்ணீர் போதும் என்றாள். இத்தனை வருஷம் குடிச்சுதே டாக்டர் என்று கேட்டேன். "இத்தனை வருஷம் வயிறு போச்சுன்னும் நீங்கதானே சொல்றீங்க" என்றாள். மூன்றாவதும் மதியம் செத்துவிட்டது.

அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பால் கம்பெனியிலிருந்து பெரிய போஸ்டர் வருகிறது, பூனைக்குட்டி ஒன்று கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு மீசையெல்லாம் பாலோடு சிரிக்கிறது. கூடவே பூனைக்கென்று குட்டிக் குட்டிக் கோப்பையில் இனிப்புப் போட்ட க்ரீம். மூடியில் இருப்பதைப் படித்தேன், பால், க்ரீம், சர்க்கரை, வாசனை. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவள் படித்துவிட்டு மேஜையில் வைத்த வேகத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. அலுவலகப் படிக்கட்டுகளைக் கூட்டித் துடைக்கும் பெண் ஒருத்தி நம்மிடம் தினமும் வருவாள். அவள் மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் பூனைக்கும் வேண்டும் என்று அழுகிறது. அவள் தன் டீக்கு வாங்கும் பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டுக் கோப்பையை எடுக்கிறாள். குளிர்பதன அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் போட்டவன் வீட்டுப் பூனைக்கு உடம்பு முடியாவிட்டால் அது காரில் டாக்டரிடம் போகும். இவள் வீட்டுப் பூனை படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும், அதைக் கழுவுவதும் இவள்தான். அன்றைக்குத்தான் அட்டைப்பெட்டியைக் கிழித்து எழுதி மாட்டினேன். பூனைக்குப் பால் வேண்டாம், தண்ணீர் வையுங்கள், குட்டியாக இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், அவ்வளவுதான். எதிர்க்கடை தையல்காரர் படித்துவிட்டு, கறிக்கடைக்காரரே கறி திங்காதேன்னு போர்டு மாட்டின மாதிரி இருக்குக்கா என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும், போன வாரம் அவர் வீட்டுப் பூனைக்குத் தண்ணீர்க் கிண்ணம் வாங்கிப் போனார்.

மேனேஜர் வந்தார், டை கட்டியவர், உனக்குத் தெரியாது. பால் விற்கிற இடத்தில் பால் வேண்டாம் என்று எழுதினால் எங்கள் வயிற்றில் அடிக்கிற மாதிரி இல்லையா என்றார். பூனைக்குத்தான் வேண்டாம்னு எழுதியிருக்கேன் சார், நீங்க குடிக்கலாம் என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்ததும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"எங்க பாலைக் குடிச்சு இதுவரை ஒரு பூனையும் செத்ததில்லைம்மா."

"மூணு செத்துச்சு சார். என் கையால."

மறுநாள் டைப் அடித்த காகிதம் வந்தது. தவறான தகவலை நம்பி எழுதிவிட்டேன், மன்னிக்கவும், கம்பெனியின் கோப்பை பூனைகளுக்கு நல்லது என்று உறுதி சொல்கிறேன் என்று என் பெயரில் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து, இல்லையென்றால் சப்ளை நிற்கும். நீ கேட்டாயே, ஒரு மன்னிப்பில் என்ன குறைந்துவிடும் என்று. மன்னிப்போடு நின்றிருந்தால் கேட்டுத் தொலைத்திருப்பேனோ என்னவோ. பூத் அவர்களுடையது, சுவர் அவர்களுடையது, அட்டையை எடு என்றால் எடுத்து வாசலில் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் நல்லது என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். தெரியாமல் மூன்று குட்டியைக் கொன்றேன், அதை யாரும் குற்றம் சொல்லவில்லை. தெரிந்தபிறகு பொய் சொல்லச் சொல்கிறார்கள், மாட்டேன் என்றால் எனக்குப் பிழைக்கத் தெரியாது என்கிறீர்கள். ஆமாம், தெரியாதுதான்.

வெள்ளிக்கிழமை அந்தக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நடந்ததை அப்படியே எழுதி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். சனிக்கிழமை வண்டி நிற்காமல் போனது, வண்டிக்காரர் கையை மட்டும் காட்டினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை கத்தியபோது இதெல்லாம் முடிந்துவிட்டிருந்தது, உன் அப்பாவுக்கே நான் சொல்லவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. இரண்டு நாள் பூத் பக்கமே வரவில்லை. இன்று காலை ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வந்து, பால் இல்லாத டீதான், காலி டிரேயில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை நாளைக்கு இப்படிக் காலி பூத்தைத் திறந்து வைத்திருப்பாய் என்றார். சாவி கேட்டு ஆள் வரும்வரை என்றேன். சரி என்று எனக்கும் ஊற்றினார். பால் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்கிறேன், ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு முழுக்கச் சொல்கிறேன். சொல்ல நிறைய நேரம் இருக்கிறது.

எங்களுக்காகக் கவலைப்பட்டு எதுவும் அனுப்பாதே, எனக்குக் கை கால் இருக்கிறது. நீ அனுப்பிய போட்டோவில் சின்னவள் தன் பூனைக்கு ஐஸ்கிரீம் ஊட்டுகிறாள், நீ பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். நிறுத்து. சீஸ் துண்டும் வேண்டாம், அதில் உப்பும் கொழுப்பும். சின்னவளைத் திட்டாதே, அவள் ஆசையாகத்தான் கொடுக்கிறாள், நானும் ஆசையாகத்தான் கொடுத்தேன், அதையே அவளிடம் சொல். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தினமும் அவள் கையாலேயே மாற்றச் சொல்.

நீயும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிறைவாக வாழுங்கள், சின்னவள் யாருக்கும் பயப்படாமல் வளரட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. கையெழுத்துப் போட்டாயா என்று மட்டும் கேட்காதே. போட்டுவிட்டேன், நான் எழுதியதற்குக் கீழே.

இப்படிக்கு,
உன் அம்மா