மாப்பிள்ளை காரில் பட்ட கல்

21 மே 2012, திங்கள்

மாப்பிள்ளை வெளியூரில் இருந்ததால், அவருக்குத் தெரியாமல் மகளிடம் கேட்டு அவர் காரில் திண்டிவனம் போனேன். முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து காரின் முன்பக்கத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஏசியில் அனல் வந்தது.

"கண்டென்சர் ஓட்டைங்க. கல்லு பட்டதுக்கு வாரண்டி வராது, ஓனர்தான் பணம் கட்டணும்," என்றார் மெக்கானிக்.

நானே கட்டிவிடுவேன். கட்டினால் நான் காரை எடுத்தது தெரிந்துவிடும். விழுப்புரம் திரும்பி மகளிடம் சொன்னேன்.

"நீ பேசாம இருப்பா. நான் ஓட்டிக்கினு போறப்ப அடிச்சிதுன்னு சொல்லிக்கிறேன்," என்றாள். கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது.

மாப்பிள்ளை ஏழு மணிக்கு வந்திருப்பார். என் வீட்டிலிருந்து மூன்று முறை கூப்பிட்டும் மகள் போனை எடுக்கவில்லை. நாலாவது முறை அவர் எடுத்தார்.

"அவ தூங்கிட்டா மாமா."

அப்போது மணி எட்டுகூட ஆகவில்லை.